பயிற்சி முடிந்து மூன்று மாதம்: பாரம் அனுப்பலாமா, மண்டோரைக் கேட்கலாமா, நேரில் போய்ப் பார்க்கலாமா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் தெலுக் இந்தானுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி. இன்னொருவர் எண்ணெய் ஆலையில் மனிதவளம் பார்க்கும் தங்கை. மூன்றாமவர் டவுனில் பதினெட்டுப் பேரை வைத்து லாரி கெராஜ் நடத்தும் அண்ணன். தங்கை கேட்ட மாதிரியே எழுதுகிறேன்: "ஆளைப் பயிற்சிக்கு அனுப்பினோம், ரெண்டு நாள் வேலை போச்சு, சர்டிபிகேட்டும் வந்து ஃபைல்ல உட்கார்ந்திருக்கு. நிஜமாவே ஏதாவது மாறிச்சான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது? மூணு மாசம் கழிச்சு ஒரு சர்வே அனுப்பிடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அனுப்பலாமா?"

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. அதிலிருந்து, பாதுகாப்பு அதிகாரி வைக்கவேண்டிய கட்டாயம் இல்லாத சின்ன இடம்கூட, ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும். இன்னொரு பக்கம் எச்ஆர்டி கார்ப் லெவி, அதாவது ஆட்களின் பயிற்சிக்கென்று முதலாளி கட்டுகிற பணம். 10 மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ வைத்திருந்து லெவிச் சட்டத்தின் கீழ் வருகிற முதலாளி, சம்பளக் கணக்கில் 1 விழுக்காடு கட்டுகிறார். கட்டின பணத்தை விடுவானேன் என்று ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாக வகுப்பு போடுவதும் நடக்கிறது. பயிற்சி பெருகிவிட்டது, பலன் என்ன என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிட்டது.

(சர்வே என்று தங்கை சொன்னதை நான் பாரம் என்றே எழுதுகிறேன். எங்கள் பக்கம் நிரப்பிக் கொடுக்கிற எல்லாமே பாரம்தான்.)

## முதலில், எதை வைத்து எடை போடுவது

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-இல் பயிற்சியை நான்கு படிகளில் எடை போடச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, செய்ததால் நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று. பயிற்சித் தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்கும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள், ஆனால் முக்கால்வாசிப் பேர் முதல் படியிலேயே உட்கார்ந்து விடுகிறார்கள். நீங்கள் கேட்பது மூன்றாம், நான்காம் படி. அதற்கு எந்த வழியை எடுத்தாலும் கீழே உள்ள நான்கையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்? "மாறியதா" என்பது ஒரு கேள்வி, "மாறவில்லை என்றால் ஏன்" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே கருவி சரிப்படாது. இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்வதற்கு இருப்பதே கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

பதில் சொல்பவர் யார், உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வெளிநாட்டுத் தொழிலாளி, கம்பெனி அனுப்பின பாரத்தில் "பயிற்சியால் பயனில்லை" என்று டிக் போடுவாரா?

எத்தனை பேர்? ஆறு பேருக்கு விழுக்காடு கணக்குப் போடுவது வேடிக்கை.

முழுச் செலவு என்ன? கூகுள் ஃபார்ம் இலவசம்தான். அதைத் துரத்துகிற கிராணியின் மூன்று நாள் இலவசம் இல்லை.

| வழி | எதைச் சொல்லும் | எங்கே ஏமாற்றும் | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| வகுப்பு முடிந்த அன்றே பாரம் | பயிற்றுநர் எப்படி, இடம் எப்படி | வேலையில் மாறுமா என்று சொல்லாது | ஏறக்குறைய இல்லை |
| சில வாரம் கழித்துப் பாரம் | எது தடுத்தது, எது உதவியது | "செய்கிறேன்" என்று எல்லாரும் சொல்வார்கள் | மொழிபெயர்ப்பு, துரத்தல், வேலை நேரம் |
| மண்டோர் (கங்காணி), சூப்பர்வைசரிடம் கேட்பது | கண்ணில் படும் பழக்கம் | பிடித்த ஆள், பிடிக்காத ஆள் | மண்டோரே பயிற்சிக்குப் போனவர் என்றால் சிக்கல் |
| நேரில் போய்ப் பார்ப்பது | உண்மையில் செய்கிறார்களா | பார்க்கும்போது மட்டும் செய்வார்கள் | ஆள், நேரம், பெட்ரோல் |
| இருக்கிற பதிவேடு | எவ்வளவு மாறியது | பருவம், விலை, ஆள் மாற்றம் | கிராணியின் பொறுமை |

## வகுப்பு முடிந்த அன்றே வாங்கும் பாரம்

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும். அந்தப் பயிற்றுநரை மறுபடி கூப்பிடலாமா, அறையில் ஏர்கோன் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள இது போதும். இதை வைத்து "பயிற்சி வெற்றி" என்று மேனேஜருக்கு ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

## சில வாரம் கழித்து அனுப்பும் பாரம்

இதில்தான் நான் நிறைய அடிபட்டிருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

சில வருடத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த இடத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு நடந்தது. மூன்று மாதம் கழித்து 22 கேள்வியோடு ஒரு கூகுள் ஃபார்மைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் நிரப்ப வேண்டும் என்று மண்டோரிடமும் சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு முன்பே எல்லாம் வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஷீட்டைத் திறந்து பார்த்தால் நேரம் 7:42, 7:44, 7:45, 7:47 என்று வரிசையாக ஓடுகிறது, எல்லாக் கேள்விக்கும் 5, கடைசிக் கட்டத்தில் எல்லாரும் ஒரே சொல், "பாகுஸ்", மலாயில் நன்று. பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம், கலைவதற்குள் மண்டோரே ஒவ்வொரு போனாக வாங்கி நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெள்ளிக்கிழமை என்று சொன்னது நான். அவர் காலை நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தார்.

அன்றைக்குக் கற்றது, கட்டாயப்படுத்தினால் எண்ணிக்கை வரும், பதில் வராது. கட்டாயப்படுத்தாவிட்டால் வேறு பிரச்சினை. 24 பேர் பயிற்சிக்குப் போனார்கள், 9 பேர் பதில் அனுப்பினார்கள், அதில் 7 பேர் "வேலையில் பயன்படுத்துகிறேன்" என்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் 78 விழுக்காடு என்று எழுத கை அரிக்கும். ஆனால் பதில் சொல்லாத 15 பேர் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவருமே பயன்படுத்தவில்லை என்றால் உண்மையான கணக்கு 24-க்கு 7, அதாவது 29 விழுக்காடு. எல்லாருமே பயன்படுத்துகிறார்கள் என்றால் 22, அதாவது 92 விழுக்காடு. 29-க்கும் 92-க்கும் நடுவே எங்கேயோ என்று சொல்வதற்கு ஒரு பாரம் தேவையா?

மதிப்பெண் போடச் சொல்வதில் இன்னொரு குழி இருக்கிறது. பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை "உங்கள் திறமைக்கு 5-க்கு எத்தனை" என்று கேட்டு வித்தியாசம் பார்ப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாராகுவாட் காலத்திலிருந்து மருந்து அடித்துப் பழகின ஒருவர் (அந்தக் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை) முதல் தடவை தயங்காமல் 5 போடுவார். வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று அவருக்கே தெரியும், அடுத்த தடவை 3 போடுவார். ஷீட்டில் பார்த்தால் பயிற்சிக்குப் போய் ஆள் கெட்டுப்போன மாதிரி இருக்கும். இதைத் தவிர்க்க, பயிற்சிக்குப் பிறகு ஒரே பாரத்தில் "இப்போது எப்படி, அப்போது எப்படி இருந்தீர்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்பது ஓரளவு உதவும். அதிலும் மரியாதைக்காக "அப்போது"வைக் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு.

பேர் எழுத வேண்டாம் என்று சொன்னால் உண்மை வரும் என்று நினைக்காதீர்கள். எந்த டிவிஷன், எத்தனை வருட வேலை, ஆணா பெண்ணா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டால் தோட்டத்தில் அது பேர் எழுதினதற்குச் சமம். மூன்றாம் டிவிஷனில் இருபது வருடமாக வேலை செய்யும் பெண் என்றால் ஒருவர்தான், அவர் யார் என்று துரைக்கும் தெரியும். அந்தக் கேள்விகளை எடுத்துவிடுங்கள், உங்களுக்கு அவை தேவையும் இல்லை.

மொழியும் கணக்கில் சேர வேண்டும். தோட்டத்தில் மலாய் பேசத் தெரிந்தவர் எல்லாம் படிக்கத் தெரிந்தவர் இல்லை, வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்களுக்கு அவரவர் மொழி, நம் ஆட்களில் பெரியவர்களுக்குத் தமிழ். நான்கு மொழியில் 22 கேள்வி என்றால் 88 வரி, ஒவ்வொன்றும் ஒரே அர்த்தத்தில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? குலை வெட்டுகிறவருக்கு வெட்டின கணக்குக்குத்தான் கூலி. பத்து நிமிடப் பாரத்தை 24 பேர் நிரப்பினால் நான்கு மணி நேரம், அது அவர்கள் கையிலிருந்து போகிற வெள்ளி.

இவ்வளவு திட்டியபிறகும் இந்தப் பாரத்தை நான் விடவில்லை. காரணம், வேறு எதிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்.

அந்த 22 கேள்விக் கூத்துக்குப் பிறகு இரண்டே கேள்வியைக் குரல் பதிவாகவே கேட்டு அனுப்பினேன், பதிலும் குரலிலேயே வரட்டும் என்றேன். "வகுப்பில் சொன்னதில் எதையாவது செய்ய முயற்சி பண்ணி முடியாமல் போனதா? எது தடுத்தது?" ஒரு அக்கா அனுப்பின பதில் இன்னும் காதில் இருக்கிறது: "மருந்து டப்பாவை மூணு தடவை அலசணும்னு சொன்னாங்க, சரி. தண்ணித் தொட்டி ஸ்டோர்ல இருக்கு, நாங்க கொல்லைப் பக்கம் இருக்கோம். எதுல அலசுறது, எச்சில்லயா?" முந்தைய பாரத்தில் அலசுகிறீர்களா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் 5. வகுப்பில் தப்பில்லை, ஆளிலும் தப்பில்லை, தண்ணீர் இல்லை. டிராக்டரில் ஒரு டிரம் தண்ணீர் அனுப்புவதற்கு எந்த லெவியும் தேவைப்படவில்லை.

ஆகவே சில வாரம் கழித்து அனுப்பும் பாரத்தை, "எவ்வளவு மாறியது" என்று அளக்க அனுப்பாதீர்கள். எது தடுக்கிறது என்று தெரிந்துகொள்ள அனுப்புங்கள். ஐந்து கேள்விக்கு மேல் போகாதீர்கள். "பயிற்சி பயனுள்ளதா" என்று கேட்காமல் "கடைசியாக எப்போது செய்தீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது" என்று கேளுங்கள், பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டமாகிவிடும். மூன்று மாதம் என்பதும் வேதவாக்கு இல்லை. தினமும் செய்கிற வேலைக்கு நான்கு, ஆறு வாரம் போதும், அதற்குள் தடை தெரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை வருகிற வேலை என்றால் மூன்று தடவையாவது செய்திருக்க வேண்டும். ஹரி ராயாவுக்கு ஆட்கள் ஊருக்குப் போகும் சமயத்திலும் தீபாவளி வாரத்திலும் அனுப்பாதீர்கள்.

## மண்டோரையோ சூப்பர்வைசரையோ கேட்பது

மலிவு, வேகம், பத்து நிமிடத்தில் பதில். தொழிலாளியைத் தினமும் பார்ப்பவர் இவர்தான். ஆனால் "ராமையா எப்படி?" என்று கேட்டால் ராமையாவோடு அவருக்கு உள்ள சொந்தபந்தம், போன தீபாவளிச் சண்டை எல்லாம் சேர்ந்து பதில் வரும். குறிப்பிட்ட செயலைக் கேளுங்கள்: இந்த வாரம் எத்தனை நாள் கையுறை போட்டிருந்தார், யார் யார் போடவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் இது அடியோடு உதவாது. பயிற்சிக்குப் போனவரே மண்டோர் என்றால், அவர் மாறினாரா என்பதை அவருக்குக் கீழே உள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் அவர் காதில் விழாத மாதிரி. தலைமைத்துவ வகுப்பு, ஆட்களிடம் பேசும் வகுப்பு போன்றவற்றுக்குப் பாரம்தான் வழி, பெட்டியில் போடும் காகிதப் பாரம். குழுவில் ஐந்து, ஆறு பேர்தான் என்றால் அதையும் செய்யாதீர்கள், கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

## நேரில் போய்ப் பார்ப்பது

1920-களில் சிகாகோ பக்கம் ஹாதோர்ன் தொழிற்சாலையில், பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே ஆட்கள் கூடுதலாக வேலை செய்தார்கள் என்று ஒரு கதை பிரபலமானது. பின்னாளில் அந்தக் கணக்கைக் கிளறிப் பார்த்தவர்கள், சொன்ன அளவுக்கு எதுவும் இல்லை என்றார்கள். எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆபீஸ் ஜீப் சத்தம் கேட்டதும் கழுத்தில் தொங்குகிற முகக்கவசம் மூக்குக்கு ஏறுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரு நல்ல விஷயம்: பார்க்கும்போது சரியாகச் செய்தால், அவருக்குச் செய்யத் தெரியும் என்பதாவது உறுதி. பார்க்கும்போதே தப்பாகச் செய்தால் கற்கவே இல்லை என்று அர்த்தம். அந்த வகையில் பாரத்தைவிட இது பல மடங்கு நம்பத்தக்கது. முதலுதவி, தீயணைப்பு மாதிரிப் பயிற்சிகளுக்கு வேறு வழியும் கிடையாது. மூன்று மாதத்தில் தீயே பிடிக்காத இடத்தில் "கற்றதைப் பயன்படுத்தினீர்களா" என்று பாரம் அனுப்பி என்ன பயன், ஒரு நாள் சொல்லாமல் மணியை அடித்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு முன்னாலேயே ஒரு தடவை போய்ப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும் என்பதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்னால் பார்த்தது எதற்கும் உதவாது.

## ஏற்கெனவே இருக்கிற பதிவேடு

குலை வெட்டுகிறவர்களுக்கான பயிற்சி என்றால் நான் முதலில் போவது இங்கேதான். பழுக்காத குலை வெட்டாதே, காம்பை நீளமாக விடாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆலை கிரேடிங்கில் நீளக் காம்பு என்று எழுதுவார்கள். சீட்டு ஏற்கெனவே வருகிறது, யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். லாரியில் எல்லாருடைய குலையும் கலந்து போவதால் யார் மாறினார்கள் என்று ஆலைச் சீட்டில் தெரியாது, சரி. அதற்குத்தான் பிளாட்பாரம், லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் குலைகளை அடுக்கி வைக்கிற இடம். அங்கே குலைக் காம்பில் ஆள் நம்பர் எழுதுகிற தோட்டம் என்றால், வாரத்துக்கு ஒரு காலை குனிந்து பார்த்தால் நம்பர் வாரியாகக் கணக்கு கையில் இருக்கும்.

ஏமாற்றுவது பருவம். செம்பனை விளைச்சல் பொதுவாக பிப்ரவரி வாக்கில் அடிமட்டத்துக்குப் போய், ஆண்டின் பிற்பாதியில் ஏறி, செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்கு வரும். மார்ச்சில் பயிற்சி கொடுத்துவிட்டு செப்டம்பரில் டன் கணக்கைக் காட்டி "பார்த்தீர்களா" என்றால், அது மரம் செய்த வேலை. டன்னைப் பார்க்காதீர்கள், நூறு குலைக்கு எத்தனை பழுக்காதது, எத்தனை நீளக் காம்பு என்று பாருங்கள். இன்னும் நல்லது, இரண்டு டிவிஷனுக்கும் ஒரே நாளில் பயிற்சி வைக்காமல் ஒன்றுக்கு இந்த மாதம், மற்றதற்கு இரண்டு மாதம் கழித்து என்று வையுங்கள். நடுவில் உள்ள இரண்டு மாதம் இலவச ஒப்பீடு. மழையும் விலையும் இரண்டு டிவிஷனுக்கும் ஒன்றுதான், முதல் டிவிஷன் மட்டும் மாறியிருந்தால் பயிற்சியைக் காரணம் சொல்லலாம்.

## மூன்று பேருக்கும் நான் சொன்னது

தோட்டத்துக் கிராணிக்கு: குலை வெட்டுப் பயிற்சிக்குப் பாரமே வேண்டாம், கிரேடிங் சீட்டும் பிளாட்பாரமும் போதும். எண்ணிக்கை அசையவில்லை என்றால் மட்டும், ஆறு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, நன்றாக மாறின மூன்று பேர், துளியும் மாறாத மூன்று பேர், என்ன தடுத்தது என்று கேளுங்கள். கத்தி மழுங்கியிருக்கலாம், மரம் உயர்ந்து கழி எட்டாமல் இருக்கலாம்.

ஆலைத் தங்கைக்கு: அவர் அனுப்பினது பெரும்பாலும் ஆபீஸ் ஆட்கள், மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) வகுப்புக்கு. பெரிய கம்பெனிகளுக்கு 2024 ஆகஸ்ட்டில் தொடங்கின அந்த முறை படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததால் நாற்பது பேர் வரை போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் கணினி, எல்லாருக்கும் படிக்கத் தெரியும், உண்மை சொன்னால் யாருக்கும் வேலை போகாது. இங்கே பாரம் அருமையாக வேலை செய்யும். ஆறு வாரம் கழித்து ஐந்து கேள்வி, ஒரு தடவை நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பதில் வராதவர்களில் நான்கைந்து பேருக்கு மட்டும் போன் போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள் என்றேன். அந்த நான்கைந்து போன்தான் பதில் அனுப்பாதவர்கள் எந்தப் பக்கம் என்று கோடு காட்டும்.

கெராஜ் அண்ணனுக்கு: மூன்று பேரைத்தான் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பியிருந்தார். மூன்று பேருக்கு எதற்குண்ணே சர்வே, காலையில் டீ குடிக்கும்போது நின்று பாருங்கள் என்றேன். லாரிக்கு அடியில் போவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்களா, அதை மட்டும் ஒரு வாரம் எண்ணச் சொன்னேன்.

போன வாரம் கூப்பிட்டார். இரண்டு பேர் ஒழுங்காகக் கட்டை கொடுக்கிறார்களாம், மூன்றாவது பையன் பாதி நாள் கொடுப்பதில்லையாம். ஏன் என்று கேட்டாராம். கெராஜில் மொத்தமே நான்கு கட்டைதான், இந்த இரண்டு பேரும் முதலில் வந்து எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு எங்கேருந்து வரும் என்றானாம் பையன். ஹார்ட்வேர் கடையில் இன்னும் எட்டு வாங்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.